வானொலி சொன்னால் உண்மையா? தாய்மொழி வானொலியும் இனக்கலவரங்களும்

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று மொழித்திறன்களை வரிசைப்படுத்தும்போது கேட்டலைத்தான் முதலில் வைக்கிறோம். ஆனால் மதிப்பெண் என்று வரும்போது எழுதுவதற்கே பெரும்பங்கு. படிப்பதற்குக் கொஞ்சம், பேசுவதற்கு அதைவிடக் கொஞ்சம். கேட்பதற்கு அநேகமாக எதுவும் இல்லை. குழந்தைக்குக் காது இருக்கிறது, அது தானாகவே கேட்டுக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கும் மொழி நம்முடையது.

கேட்கும் பழக்கத்தைப் பயிற்றுவிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடந்த நூற்றாண்டின் வானொலி வரலாறு சில கடுமையான பாடங்களை வைத்திருக்கிறது. மக்கள் தங்கள் தாய்மொழியில் கேட்ட ஒரு குரலை நம்பி அண்டை வீட்டாரையே எதிரியாக எண்ணிய நாடுகள் உண்டு. அதே தாய்மொழி வானொலி பகையைத் தணித்த நாடுகளும் உண்டு. இரண்டையும் அறிந்துகொள்வது ஆசிரியர்களாகிய நமக்கு அவசியம். ஏனென்றால் அன்று வானொலிப் பெட்டிக்குள் இருந்த குரல், இன்று நம் மாணவர் வீட்டுக் கைப்பேசிக்குள் இருக்கிறது.

நம் மாவட்டமும் வானொலியும்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் இம்மாவட்டத்துக்கென்று தனி வானொலி நிலையம் இல்லை. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் திருவனந்தபுரம் நிலையத்தின் மலையாள ஒலிபரப்பைக் கேட்டார்கள். தமிழுக்குத் திருநெல்வேலி நிலையம் இருந்தது. இவற்றோடு இலங்கை வானொலி. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்றோரின் குரல்கள் கடலைத் தாண்டி வந்து நம் வீட்டுத் திண்ணைகளில் ஒலித்தன. வேறொரு நாட்டின் வானொலி என்ற எண்ணமே பலருக்கு இல்லை. நம் மொழியில் பேசியதால் அதை நம் வானொலி என்றே நினைத்தோம்.

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் இதுதான். மாநிலம் முழுவதற்கும் பொதுவாகப் பேசாமல், ஒரு மாவட்டத்து மக்களோடு அவர்கள் பேசும் முறையிலேயே பேச வேண்டும் என்பது உள்ளூர் வானொலியின் நோக்கம். கடலுக்குப் போகிறவருக்குக் காற்றின் வேகம், வயலுக்குப் போகிறவருக்கு நாற்று நடும் பருவம், பள்ளிப் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பெயர் வானொலியில் ஒலிக்கும் மகிழ்ச்சி. இப்படிப் பழகப் பழக 'ரேடியோவில சொன்னாங்க' என்பது மாறி 'நம்ம ரேடியோவில சொன்னாங்க' என்று ஆகிறது.

இந்த 'நம்ம' என்ற சொல்லில்தான் உள்ளூர் மொழி வானொலியின் முழு ஆற்றலும் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவரிடம் நாம் கேட்கும் கேள்விகளை வீட்டு மனிதரிடம் கேட்பதில்லை. நம் வட்டார வழக்கில், நம் பழமொழிகளோடு பேசுகிறவர் எளிதில் வீட்டு மனிதராகிவிடுகிறார். அவர் நல்லது சொன்னாலும் நம்புவோம். கெட்டது சொன்னாலும் அதே வேகத்தில் நம்பிவிடும் ஆபத்து உண்டு.

வதந்திக்கு வானொலி தேவையில்லை என்பதும் உண்மையே. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தை நம் மாவட்டத்தின் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நீதிபதி வேணுகோபால் ஆணையம் அதை விசாரித்தது. அப்போது இங்கே உள்ளூர் வானொலி இல்லை, கைப்பேசியும் இல்லை. ஆனாலும் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே அச்சம் ஊர்விட்டு ஊர் பரவியது. வாய்வழி வதந்தியை 'யாரோ சொன்னது' என்று தள்ளிவிட ஓரளவாவது வழி இருக்கிறது. அதுவே வானொலியில் வந்துவிட்டால் தள்ள மனம் வருவதில்லை. இதை இலங்கையின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

இலங்கை, 1958: எங்கிருந்து தொடங்குவது?

1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழர்களின் எதிர்ப்புக்குப் பின் 1957 ஜூலையில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ்.ஜே.வி.செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 1958 ஏப்ரலில் பிரதமர் அதைக் கைவிட்டார். மே மாதம் வவுனியாவில் தமிழரசுக் கட்சி மாநாடு கூட இருந்தது. அதற்குச் செல்லும் தமிழர்கள் இரயிலில் வருவார்கள் என்று எதிர்பார்த்து, மே 22 அன்று பொலன்னறுவை இரயில் நிலையத்தில் ஒரு கும்பல் தாக்குதலில் இறங்கியது. அங்கிருந்து வன்முறை பரவியது.

மே 25 அன்று மட்டக்களப்புப் பகுதியில் நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்ன சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள் பிரதமர் வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார். அமைதி காக்கும்படி கேட்பதுதான் பேச்சின் நோக்கம். ஆனால் மட்டக்களப்பில் நடந்த இந்தக் கொலையின் விளைவாகவே பொலன்னறுவை முதலான இடங்களில் வன்முறை மூண்டதாக அந்தப் பேச்சு அமைந்துவிட்டது. பொலன்னறுவையில் தாக்குதல் தொடங்கிய நாள் மே 22. கொலை நடந்த நாள் மே 25. பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணம் ஆகிவிட்டது.

பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி அந்த ஆண்டிலேயே எழுதிய நூல் இதைச் சுட்டிக்காட்டிக் கடுமையாக விமர்சித்தது. அவர் சிங்களவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. கலவரத்தைத் தமிழர்களே தொடங்கினார்கள் என்ற எண்ணம் நாட்டின் பிரதமர் குரலிலேயே வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள், மே 27 அன்று, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்குள் பல ஊர்களில் உயிர்கள் போயிருந்தன.

அந்த நாட்களின் இன்னொரு செய்தி ஆசிரியர்களாகிய நம்மை நேரடியாகத் தொடும். பாணந்துறையைச் சேர்ந்த ஒரு சிங்கள ஆசிரியை மட்டக்களப்பில் தமிழர்களால் கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்று தென்பகுதியில் வதந்தி கிளம்பியது. பாணந்துறையில் இந்துக் கோயில் அர்ச்சகர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். பிறகு கல்வித் துறை விசாரித்தபோது, பாணந்துறையிலிருந்து சென்று மட்டக்களப்பில் பணியாற்றிய அப்படியோர் ஆசிரியையே இல்லை என்று தெரிந்தது. இது வாய்வழி வந்த வதந்திதான். ஆனால் 'அவர்கள்தான் தொடங்கினார்கள்' என்ற எண்ணம் முன்னரே மனத்தில் விழுந்திருந்தால், இப்படிப்பட்ட கதையை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

இதில் வானொலியின் அமைப்புக்கும் பங்கு உண்டு. இலங்கை வானொலியில் சிங்களச் சேவை, தமிழ்ச் சேவை, ஆங்கிலச் சேவை என்று தனித்தனியே இருந்தன. மொழிக்கொரு சேவை இருப்பது மக்களுக்கு நன்மையே. ஆனால் இரு மொழிக்காரர்களும் ஒருவர் என்ன கேட்கிறார் என்று மற்றவர் அறியாத நிலையில், ஒரே நாட்டுக்குள் இரண்டு விதமான நினைவுகள் வளர வழி ஏற்படுகிறது.

பேசாமல் விடுவதும் பேச்சுதான். 1983 ஜூலைக் கலவரத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வீடிழந்து முகாம்களில் தங்கியிருந்தார்கள். ஜூலை 28 அன்று குடியரசுத் தலைவர் ஜே.ஆர்.ஜெயவர்த்தன வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் அதில் இல்லை. கேட்டவர்கள் அந்த மௌனத்துக்கும் பொருள் கண்டார்கள்.

ருவாண்டா, 1994: மொழி ஒன்று, சொல் வேறு

இலங்கையில் இரண்டு மொழிகள் இருந்தன. எனவே மொழி வேறுபாடே சிக்கலின் வேர் என்று தோன்றலாம். அந்த எண்ணத்தை ருவாண்டா மறுக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்தச் சிறிய நாட்டில் ஹூட்டு, டூட்சி என்ற இரு பிரிவினரும் பேசுவது ஒரே மொழி, கின்யருவாண்டா. ஒரே மலைச்சரிவில் அருகருகே வீடு. பெரும்பாலோர் ஒரே மதம். பெல்ஜியம் ஆண்ட 1930களில் அடையாள அட்டையில் இனப்பிரிவை எழுதிவைத்தார்கள். கோடு அதனால் மேலும் அழுத்தமானது.

1992 மார்ச்சில் அரசின் ருவாண்டா வானொலி ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது. ஹூட்டு தலைவர்களைக் கொல்ல டூட்சிகள் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். செய்தி பொய். அதைத் தொடர்ந்து புகெசேரா பகுதியில் நூற்றுக்கணக்கான டூட்சிகள் கொல்லப்பட்டனர். அரசின் செய்தித் துறைப் பொறுப்பிலிருந்த வரலாற்றுப் பேராசிரியர் ஃபெர்டினான்ட் நஹிமானா பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பங்கு கொண்டு தொடங்கிய தனியார் வானொலிதான் 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்.டி.எல்.எம்.

அரசு வானொலி விறைப்பாகப் பேசியது. ஆர்.டி.எல்.எம். அப்படியல்ல. புதுப் பாட்டு, நகைச்சுவை, நேயரோடு உரையாடல், தெருவில் பேசும் வழக்கு. இளைஞர்களுக்கு அது பிடித்துப்போனது. அந்த இனிப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு வைக்கப்பட்டது. டூட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார்கள். 1994 ஏப்ரல் 6 அன்று நாட்டுத் தலைவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பின் யார் எங்கே ஒளிந்திருக்கிறார், எந்த வண்டியில் போகிறார் என்று பெயர்களும் வண்டி எண்களும் வானொலியிலேயே சொல்லப்பட்டன. கொலை என்ற சொல் அதிகம் வரவில்லை. 'வேலை' என்றார்கள். சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு கூறுகிறது. பெரும்பாலோர் டூட்சிகள். கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் அவர்களில் உண்டு.

2003 டிசம்பர் 3 அன்று ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம், நஹிமானா உட்பட வானொலி, பத்திரிகை சார்ந்த மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2007இல் மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. ஆயினும் ஒலிபெருக்கியின் முன் பேசியதற்கும் பொறுப்பு உண்டு என்பது உலகச் சட்டத்தில் உறுதியானது.

எல்லாப் பழியும் வானொலிக்கா?

வானொலி சொன்னதும் மக்கள் பொம்மைகளைப் போல எழுந்து கொலைக்குப் போனார்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர் ருவாண்டாச் சிறைகளில் இருந்த குற்றவாளிகளைச் சந்தித்துப் பேசினார். பெரும்பாலோரைக் கொலைக்கு இழுத்துச் சென்றவை நேருக்கு நேர் வந்த அழைப்பு, உள்ளூர்த் தலைவர்களின் அழுத்தம், போர் பற்றிய அச்சம் ஆகியவை என்று அவர் கண்டார். வானொலி அலை எட்டாத மலைகளிலும் கொலைகள் நடந்திருந்தன.

டேவிட் யானகிசாவா-ட்ராட் என்ற பொருளியலாளர் வேறு வழியில் ஆராய்ந்தார். மலைகள் மறைத்ததால் வானொலி எடுக்காத ஊர்களையும் நன்றாக எடுத்த ஊர்களையும் ஒப்பிட்டார். வன்முறையில் பங்கு கொண்டவர்களில் சுமார் 10 விழுக்காட்டை வானொலியின் விளைவாகக் கொள்ளலாம் என்பது 2014இல் வெளியான அவருடைய கணக்கு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வானொலி வெறும் தரையில் தீயை உண்டாக்குவதில்லை. அச்சமும் ஆயுதமும் அவற்றைத் தூண்டும் அமைப்பும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அது வேலை செய்கிறது. எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், இப்படித்தான் செய்யப் போகிறார்கள் என்ற உணர்வைத் தருகிறது. தயங்கி நிற்பவனின் தயக்கத்தைப் போக்குகிறது. 10 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு நாடு தழுவிய கொலையில் அது பல்லாயிரம் கைகள்.

கென்யாவிலும் இதே கேள்வி எழுந்தது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் நடந்த இனமோதல்களில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாய்மொழி எஃப்.எம். வானொலிகள் சில பகையைத் தூண்டியதாகப் புகார் கூறப்பட்டது. கலெஞ்சின் மொழியில் ஒலிபரப்பிய காஸ் எஃப்.எம்.மின் அறிவிப்பாளர் ஒருவர் மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. போதிய சான்று இல்லை என்று 2016 ஏப்ரலில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. பேச்சுக்கும் வெட்டுக்கும் இடையிலான தொடர்பை நீதிமன்றத்தில் நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று. ஆகவே கலவரம் முடிந்தபின் தண்டிப்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கேட்பவர் காதிலேயே ஒரு காவல் வேண்டும்.

அதே குரல் ஆற்றவும் செய்யும்

கென்யாவின் அதே நாட்களில் நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதியில் இயங்கிய பமோஜா எஃப்.எம். என்ற சிறிய சமுதாய வானொலி, அமைதி காக்கும்படி தன் பகுதி மக்களைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பல இனத்தவர் நெருக்கமாக வாழும் இடம் அது. அதன் குரலை மக்கள் மதித்ததற்குக் காரணமும் அது 'நம்ம ரேடியோ' என்பதுதான்.

ருவாண்டாவின் அண்டை நாடான புருண்டியில் 1995இல் ஸ்டுடியோ இஜாம்போ என்ற ஒலிபரப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அங்கே ஹூட்டு செய்தியாளரும் டூட்சி செய்தியாளரும் இணைந்து செய்தி திரட்டச் சென்றார்கள். ஓர் இனத்தவர் தனியே போனால் பார்க்க முடியாததை இருவர் சேர்ந்து பார்க்க முடிந்தது.

ருவாண்டாவில் 2004 முதல் 'முசெகெவேயா' என்ற வானொலித் தொடர் நாடகம் ஒலிபரப்பாகிறது. 'புதிய விடியல்' என்று பொருள். இரண்டு கற்பனைக் கிராமங்கள், அவற்றிடையே நிலத் தகராறு, வளரும் பகை, எதிர்த்து நிற்கும் இளைஞர்கள் என்பது கதை. எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் இதன் விளைவை ஓராண்டு ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் ஊரில் எது முறை, எதை வெளிப்படையாகப் பேசலாம் என்பது பற்றிய அவர்களின் எண்ணம் மாறியிருந்தது. மாற்றுக் கருத்தைத் துணிந்து சொன்னார்கள். ஆசிரியருக்கு இது நல்ல செய்தி. ஒரு பிள்ளையின் மனத்தை ஒரே பாடவேளையில் மாற்ற நம்மால் முடியாமல் போகலாம். 'இந்த வகுப்பில் அப்படிப் பேசுவது வழக்கமில்லை' என்ற நிலையை நம்மால் உருவாக்க முடியும்.

இந்தியாவில் சட்டமும் இடைவெளியும்

நம் நாட்டில் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிமுறை, மதங்களையோ சமூகங்களையோ தாக்கிப் பேசுவதையும் வன்முறையைத் தூண்டுவதையும் தடை செய்கிறது. வானலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. சமுதாய வானொலிகள் உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் நிகழ்ச்சி தர ஊக்குவிக்கப்படுகின்றன. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக இயங்கும் 'கடல் ஓசை' நல்ல எடுத்துக்காட்டு. இனம், மதம், மொழி அடிப்படையில் பகைமையை வளர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவின்படி குற்றம்.

இந்த ஏற்பாடுகளால் நம் வானொலி பெரும்பாலும் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் ஒலி இப்போது வேறு வழியில் வருகிறது. வாட்ஸ்அப் குரல் பதிவுக்கு நிலையமும் இல்லை, நெறிமுறையும் இல்லை, அறிவிப்பாளரின் பெயரும் இல்லை. நம் ஊர் வழக்கில், பதற்றமான குரலில், 'மக்களே, கவனமா இருங்க' என்று தொடங்கினால் போதும், நம் உறவினர் அனுப்பியது என்பதாலேயே நம்பிவிடுகிறோம்.

2018இல் வடமாநிலத்தவர் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியே பரவியது. அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற சென்னைக் குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கடத்தல்காரர்கள் என்று எண்ணி ஊரார் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவர் தமிழ்தான் பேசினார்.

2023 மார்ச்சில் இதன் மறுபக்கம் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று தொடர்பில்லாத காணொலிகளை இணைத்து இந்தியில் செய்தி பரப்பினார்கள். தொழிலாளர்களிடையே அச்சம் பரவியது. தமிழ்நாடு காவல்துறை உடனே இந்தியிலும் விளக்கம் அளித்தது. அச்சத்தில் இருப்பவரிடம் அவர் மொழியில் பேசினால்தான் அச்சம் தீரும் என்பதை நம் மாநிலமே நடைமுறையில் காட்டியது. இன்று நம் பள்ளிகளில் அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வதந்தி வந்தால் முதலில் காயப்படுவது நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையாக இருக்கலாம்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

மேலே கண்ட நிகழ்வுகளிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்து மாணவர்களிடம் கொடுக்கலாம். எந்தச் செய்தியைக் கேட்டாலும் இவற்றைக் கேட்டுப் பார்க்கப் பழக்க வேண்டும்.

1. யார் சொல்கிறார்? பெயரும் பொறுப்பும் உள்ளவரா?
2. கதையை எங்கிருந்து தொடங்குகிறார்? அதற்கு முன் என்ன நடந்தது?
3. தவறு செய்த ஒருவரைச் சொல்கிறாரா, ஒரு கூட்டத்தையே சொல்கிறாரா? மனிதரை மனிதர் என்றே குறிப்பிடுகிறாரா?
4. யாருடைய குரல் இதில் இல்லை?
5. கேட்டபின் என்னை என்ன செய்யச் சொல்கிறார்?

இரண்டாம் கேள்விக்கு 1958 இலங்கை, மூன்றுக்கும் ஐந்துக்கும் ருவாண்டா, நான்குக்கு 1983 என்று உயர்நிலை வகுப்புகளில் எடுத்துக்காட்டு தரலாம்.

தொடக்கநிலை வகுப்புகளுக்குக் 'காதோடு காது' விளையாட்டு போதும். ஒரு வாக்கியத்தை முதல் குழந்தையின் காதில் சொல்லிக் கடைசிவரை கடத்துவது நாம் அறிந்ததே. இதை இரண்டு முறை விளையாடச் செய்யலாம். முதல் சுற்றில் வழக்கம்போல் சொல்லியனுப்பட்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு குழந்தையும் தனக்குச் சொன்னவரிடம் ஒரு முறை 'என்ன சொன்னாய்?' என்று திரும்பக் கேட்கலாம் என்று விதி வையுங்கள். இரண்டு சுற்றிலும் கடைசியில் வந்த வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடுங்கள். திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல என்பதைச் சிறு வயதிலேயே குழந்தை அறிந்துகொள்ளும்.

உயர்நிலை வகுப்புக்கு இரு செய்தி அறிக்கைப் பயிற்சி. ஒரு கற்பனை ஊரில் வியாழனன்று குழாயடியில் மேலத்தெருக்காரர் ஒருவர் கீழத்தெருப் பெண்ணின் குடத்தை உடைத்தார். வெள்ளியன்று மேலத்தெரு இளைஞரின் மிதிவண்டி எரிக்கப்பட்டது. சனியன்று கீழத்தெருக் கடை மீது கல் விழுந்தது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூன்று நாள் செய்தியையும் வானொலி நடையில் வாசியுங்கள். மற்றொரு குழுவுக்கு வெள்ளியிலிருந்து மட்டும் வாசியுங்கள். பிறகு 'தொடங்கியது யார்?' என்று கேளுங்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் செய்தபோது, முதல் குழு மேலத்தெரு என்றது, இரண்டாம் குழு கீழத்தெரு என்றது. இரு குழுவும் உறுதியாக வாதாடின. பிறகு இரண்டு தாள்களையும் மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். இரண்டிலும் ஒரு பொய் வாக்கியம்கூட இல்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு மாணவி எழுந்து, 'தெரு எப்படி டீச்சர் குடத்தை உடைக்கும்? ஒரு ஆள்தானே உடைச்சார்?' என்று கேட்டாள். மூன்றாம் கேள்வி இதுவேதான்.

மூன்றாவதாக, பள்ளி வானொலி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வழக்கம் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் அதை உள்ளூர்ச் செய்தி நாளாக மாற்றலாம். புருண்டியின் வழியைப் பின்பற்றி, வெவ்வேறு தெரு, வெவ்வேறு மதம், வெவ்வேறு தாய்மொழி உடைய இரு மாணவர்கள் சேர்ந்தே செய்தி திரட்ட வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தால் போதும். கடற்கரைப் பிள்ளையும் தோவாளைப் பூந்தோட்டத்துப் பிள்ளையும் ஒன்றாகப் போய்ச் செய்தி கேட்டு வரட்டும். தமிழ் இன்னும் முழுதாக வராத பிறமாநிலப் பிள்ளை இருந்தால், அவர் மொழியில் இரண்டு வரி வாசிக்க இடம் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை சில. உள்ளூரில் உண்மையாக நடந்த கலவரத்தையோ நடந்துகொண்டிருக்கும் தகராறையோ இந்தப் பயிற்சிகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். தொலைவில் நடந்ததையோ கற்பனை ஊரையோ வைத்துப் பழகினால் தம் ஊருக்கு அவர்களே பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள். மாணவர் வீட்டுக் கைப்பேசியில் வந்த குரல் பதிவை வகுப்பில் ஒலிக்கச் செய்வதும் கூடாது. அது மறுபடியும் பரப்புவதாகவே முடியும். ஒரு பிள்ளை அப்படியொன்றைச் சொன்னால், 'யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார்?' என்ற கேள்வியோடு நிறுத்தி, தலைமையாசிரியருக்குத் தெரிவிப்பதே முறை.

நாகர்கோவில் வானொலி தொடங்கி 40 ஆண்டுகள் கடந்துவிட்டன. தாய்மொழியில் பேசும் குரலை நம் பிள்ளைகள் தொடர்ந்து விரும்பிக் கேட்க வேண்டும். அந்த விருப்பத்தை நாம் குறைக்க வேண்டியதில்லை. கேட்ட பிறகு, பிறருக்குச் சொல்லும் முன், அந்த ஐந்து கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை அதனோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். அடுத்த வாரத்துப் பாடக்குறிப்பில் கேட்டல் பயிற்சிக்கென்று ஒரு பாடவேளையை ஒதுக்கித் தொடங்கலாம்.